மூன்று புள்ளித் தோல்

“ஏன் பாய், கற்பூரப் பெட்டிக்கு எறும்பு வருமா?”

தானியேல் கேட்டதும் குர்ஷித் விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அரை மணி நேரமாகத் தரையையே வெறித்துக்கொண்டிருந்த மனுஷன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

“அப்பாடா, உசுரு இருக்குது! நான் இந்தப் பெட்டியோட சேர்த்து உங்களையும் மெட்ராஸுக்கு பார்சல் பண்ணிடலாமான்னு பாத்துனு இருந்தேண்ணே.”

தானியேல் சிரிக்கவில்லை. அவன் சிரித்து ஐந்து மாதம் ஆகிறது. வேலூரில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவன், மனைவி அமிர்தவள்ளி கிணற்றில் விழுந்து இறந்துபோன மறுவாரமே உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டான். இப்போது வக்கீல்கள் கூப்பிட்டால் போய்த் துப்பு விசாரிக்கிறான். சோறு போட்டால் தின்பான், உப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் தெரியாது. ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் தோல் கிடங்குகளின் நாற்றம் வேற்றூர்க்காரன் குடலைப் புரட்டிவிடும். காலையில் இறங்கினவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, இவன் பாட்டுக்கு ஆற அமர நடந்து வந்தான். பிறந்ததிலிருந்து அந்த நாற்றத்திலேயே வளர்ந்த குர்ஷித்துக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

குர்ஷித் மேல்விஷாரத்துக்காரன். பதினெட்டு வருஷம் தோல் மண்டியில் தரம் பிரித்தவன். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் ஆடா மாடா, எந்தப் பட்டையில் பதப்படுத்தியது, எல்லாம் சொல்லிவிடுவான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு முதலாளியின் தோலையும் தரம் பிரித்துச் சொல்லப்போய் வேலை போயிற்று. அன்றிலிருந்து தானியேலுக்கு வலக்கை.

இருவரும் உட்கார்ந்திருந்தது வில்மோர் துரையின் பங்களாவில். துரை இருந்திருந்தால் வயது எழுபத்தாறு. வாலிபத்தில் கல்கத்தாவிலிருந்து சீனாவுக்குக் கப்பல் விட்டவர். போகும்போது அபின், வரும்போது தேயிலையும் பட்டும். பிறகு என்ன தோன்றிற்றோ, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஆம்பூருக்கு வந்து, லண்டனுக்குத் தோல் வாங்கி அனுப்பிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். இரண்டு மாதம் முன்பு, ஒரு காலை வேளையில் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். வயிற்றில் அபின் என்றார் டாக்டர்.

ராத்திரி பால் கொடுத்தவள் சமையல்காரி சவுரியம்மாள். முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் அடுப்பெரித்தவள். சீனாவிலிருந்து துரை கொண்டுவந்த கற்பூர மரப் பெட்டியில் பழைய அபின் கட்டி ஒன்று எப்போதும் இருக்கும். பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று துரையிடம், மற்றது அவளிடம். உயிலில் தோட்டத்து வீட்டை அவள் பேருக்கு எழுதியிருந்தார். போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சவுரியம்மாளோ, “பால் நான்தான் குடுத்தேன்” என்று சொன்னதோடு வாயை மூடினவள்தான். வேலூர் ஜெயிலில் இருக்கிறாள். நாளை மறுநாள் தீர்ப்பு. அவளுடைய வக்கீல் சீனிவாசன் தலையிலடித்துக்கொண்டு சொன்னார்: “தானியேல், அந்தப் பொம்பளை தூக்குக் கயித்த வாங்கிக் கழுத்துல மாட்டிக்கினு உக்காந்திருக்கா. எதுனா ஒண்ணு கொண்டாப்பா.”

அந்த எதுனா ஒண்ணு கிடைக்காமல்தான் இருவரும் காலையிலிருந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மணி பன்னிரண்டரை. இரண்டு மணி ரயிலில் பெட்டி மெட்ராஸுக்கு ஏலத்துக்குப் போகிறது. துரையின் அண்ணன் மகன் ஹென்றி துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

“கற்பூர வாசனைக்குப் பூச்சி பொட்டு எதுவும் அண்டாது” என்றான் தானியேல். “துணி வெக்கிறதுக்கு அதனாலதான் இந்தப் பெட்டிய வாங்குவாங்க. இங்க பாரு.”

குர்ஷித் குனிந்து பார்த்தான். சுவரோரமாக ஒரு எறும்புச் சாரி. பெட்டியின் பின்பக்கம் போய், கீழ் மூலையில் ஏறி, பித்தளை ஆணிகளுக்கு இடையில் மறைந்துகொண்டிருந்தது.

“எறும்புக்கும் உங்கள மாதிரி மூக்கு போய்டுச்சா இன்னா?”

“எறும்புக்குப் போகல. அங்க திங்கறதுக்கு எதுவோ இருக்கு.”

பித்தளைக் கைப்பிடிகளைப் பிடித்து இருவருமாகப் பெட்டியை இழுத்துத் திருப்பினார்கள். மரத்தின் மேல் தோல் போர்த்தி, வரிசையாகப் பித்தளை ஆணி அடித்த சீனாப் பெட்டி. ஒரு காலத்தில் சிவப்புச் சாயம், பூ வேலையெல்லாம் இருந்திருக்க வேண்டும். இப்போது கறுத்துப் போயிருந்தது. பின்பக்கக் கீழ் மூலையில் இரண்டு கை அகலத்துக்கு மட்டும் சாயம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

குர்ஷித்தின் கட்டைவிரல் தானாக அங்கே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டான்.

“ஆடு. நம்ம ஊர் வெள்ளாடு. ஆவாரம் பட்டை. மேல செங்காவியும் எண்ணையும் கொழச்சிப் பூசியிருக்குது.” விரலில் எச்சில் தொட்டு ஒரு ஓரத்தைத் தேய்த்தான். பூச்சு வந்துவிட்டது. “ஆவாரந்தோலு வெளிச்சம் பட்டா நாளாக நாளாகச் செவக்கும்ணே. இது உள்ள இன்னும் மஞ்சளாத்தான் கீது. ஜாஸ்தி போனா ரெண்டு மாசம்.”

“பெட்டிக்கு வயசு அம்பது.”

“அதான் சொல்றேன், தாத்தாவுக்குக் கொழந்தையோட தோலு.” விரலை அப்படியே பக்கத்துத் தோலுக்கு நகர்த்தப் போனவன், தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்திக் குனிந்து உற்றுப் பார்த்தான். அடுத்த கணம் இரண்டடி பின்னால் துள்ளினான். “யா அல்லா!”

“இன்னா ஆச்சு?”

“மூணு புள்ளிண்ணே! முடி இருந்த ஓட்டைங்கள பாருங்க. மூணு மூணா கீது. துரைமாருங்க குதிரைச் சேணத்துல பாத்திருக்கேன். பன்னி! பொட்டி பூராவும் பன்னித்தோலு!” துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே மூச்சு வாங்கினான். “நான் தொட்டது ஆட்ட மட்டும்தான். நீங்க சாட்சி. நாளைக்கு எங்க ஜமாத்துல கேட்டா வந்து சொல்லணும்.”

தானியேல் மண்டியிட்டுப் பார்த்தான். நிஜந்தான். பழைய தோல் முழுக்க மும்மூன்றாகப் பொட்டு வைத்தாற்போல் துளைகள். ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் இல்லை.

“அம்பது வருஷத்துத் தோலு, காஞ்சி அப்பளமா இருக்கும். கத்தி வெச்சா பொடிஞ்சிடும்” என்றான் தானியேல். “யாரோ ஒருத்தர் உள்ள எதையோ வெக்கிறதுக்குக் கிழிச்சிருக்காங்க. திரும்ப மூட முடியல. அதே மாதிரித் தோலுக்கு எங்க போவாங்க?”

“ஆம்பூர்லயா? வாணியம்பாடியிலேர்ந்து ராணிப்பேட்டை வரைக்கும் சல்லடை போட்டாலும் பன்னித்தோலு கெடைக்காது. எந்த பாய் அதத் தோலு ஊறப்போடற குழியில எறக்குவான்? ஆடுதான் கெதி.”

அந்த நேரம் பார்த்து ஹென்றி துரை உள்ளே வந்தான். முப்பது வயது, வெயிலில் வெந்த மூக்கு. கைக்கடிகாரத்தைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னான்: “வண்டி வந்துவிட்டது. பெட்டியை ஏற்ற வேண்டும்.”

“இந்த மூலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறோம்” என்றான் தானியேல் அதே ஆங்கிலத்தில்.

“முடியாது! இது சீனாவிலிருந்து வந்த அரிய பொருள். ஒரு ஆணி பெயர்ந்தாலும் விலை பாதியாகிவிடும்.”

குர்ஷித் தானியேலின் காதோடு சொன்னான்: “ஆணியப் புடுங்கறதுக்கே இவ்ளோ பதர்றானே, கள்ளன் இவன்தாண்ணே. சித்தப்பனத் தீத்துட்டு உள்ள என்னாத்தையோ ஒளிச்சிருக்கான்.”

தானியேலுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், சிக்கினான் ஆள் என்று பழைய நாளில் மனசுக்குள் எழும்புகிற துள்ளல் எழும்பவில்லை. கணக்குக்கு விடை வந்தது, அவ்வளவுதான். ஹென்றி கத்திக்கொண்டிருக்கும்போதே பேனாக்கத்தியை எடுத்து முதல் ஆணியை நெம்பினான்.

ஆணி வெண்ணெயில் அடித்தது மாதிரி வந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது. தோலின் ஓரம் சுருண்டு எழுந்தது. அடியில் வெள்ளையாகக் காய்ந்து உதிர்ந்த பசை. அதை மொய்த்த எறும்பு.

“கோந்து இல்ல” என்றான் தானியேல். “சோத்துக் கஞ்சி.”

குர்ஷித் ஒரு தென்னை ஈர்க்கால் ஆட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து உட்பக்கம் பார்த்தான். வெளிச்சம் படாத அந்தப் பக்கத்தில் பளிச்சென்று நான்கு விரல் தடம். மஞ்சள். அரைத்த மஞ்சள்.

இருவரும் ஹென்றியின் கையைப் பார்த்தார்கள். பிறகு குர்ஷித் மெதுவாகக் கேட்டான்: “ஹென்றி துரை மொளகா மஞ்சள் அரைப்பாராண்ணே?”

தோலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு உறை இருந்தது. அரக்கு முத்திரை உடையாத உறை. எட்டிப் பார்த்த ஹென்றியின் முகம் வெளுத்தது. நடிப்பாக இருந்தால் மெட்ராஸ் நாடகக் கொட்டகையில் அவனுக்கு மாலை போடலாம். “சித்தப்பாவின் முத்திரை மோதிரம். இதை நான் பார்த்ததே இல்லை” என்றான்.

உறையின் மேல் கோணல் மாணலாகத் தமிழில் ஒரு பேர் எழுதியிருந்தது: சவுரியம்மாளுக்கு.

“ஒடைங்கண்ணே!” குர்ஷித் பரபரத்தான்.

“மாட்டேன்.”

“ஐயோ, நாளன்னிக்குத் தீர்ப்பு! உள்ள இன்னா கீதுன்னு பாக்க வேணாமா?”

“அடுத்தவங்க பேர் போட்ட கடுதாசி” என்றான் தானியேல். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. குர்ஷித் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

இதற்குள் ஹென்றிக்குக் கோபம் இறங்கிவிட்டது. பெட்டியை ஏலத்துக்கு அனுப்பவில்லை என்றான். முத்திரை உடையாத உறை தன் கண் முன்னால் எடுக்கப்பட்டது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டான். கள்ளன் என்று நினைத்த ஆள் இப்படி நடந்துகொண்டதில் குர்ஷித்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அதே இரண்டு மணி ரயிலைப் பிடித்து, காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டி வைத்து, வக்கீல் சீனிவாசனைப் பார்த்து அனுமதிச் சீட்டும் வாங்கிக்கொண்டு அவர்கள் வேலூர் ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து.

சவுரியம்மாளை வார்டர் கூட்டிவந்து கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தாள். ஐம்பது வயதுக்கு மேல். ஒடிசலான உடம்பு. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. அந்தப் பார்வையைத் தானியேல் தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிறான்.

அவன் ஆட்டுத் தோல் துண்டை எடுத்து, மஞ்சள் பக்கம் மேலே தெரிய வைத்தான். பக்கத்தில் உறையை வைத்தான்.

அவள் அதைப் பார்த்தாள்.

“கொளுத்திடுங்கய்யா” என்றாள்.

“நீங்க ஏன் கொளுத்தல?”

“அவரு கையெழுத்தாச்சே. மனசு வரல.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. காலையில் காபி எடுத்துக்கொண்டு போனாள். துரை சில்லிட்டிருந்தார். மடியில் கறுப்பு அபின் கட்டி. மேஜையில் இந்தக் கடுதாசி. பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. தானே சாவைத் தேடிக்கொண்டார் என்று ஊருக்குத் தெரிந்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே, பேர் இல்லாமல், ஜெபம் இல்லாமல் புதைப்பார்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் ஒருத்தியை அப்படிப் புதைத்ததைப் பார்த்திருக்கிறாள். மழையில் மண் கரைந்து நாய் இழுத்தது. அபின் கட்டியைப் பழையபடி பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, கடுதாசியைப் பெட்டித் தோலுக்கு அடியில் வைத்து, அடுப்பங்கரையில் கிடந்த தோல் துண்டை வெட்டி ஒட்டி, அதே ஆணியைத் திருப்பி அடித்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டாள்.

“எங்க துரை உள்ள படுத்திருக்காரு. பாதிரியார் வந்து ஜெபம் பண்ணிட்டாரு. அது போதும். இத நீங்க கோர்ட்டுல படிச்சா தோண்டி வெளியில போட்டுடுவாங்க. என்னைய தூக்குல போட்டா போட்டுனு போறாங்க. எனக்கு இன்னா, புள்ளையா குட்டியா?”

குர்ஷித் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தானியேல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “எம் பொஞ்சாதி கிணத்துல விழுந்து செத்தாம்மா. அப்ப நான் சப்-இன்ஸ்பெக்டரு. தண்ணி சேந்தப் போய் கால் வழுக்கிடுச்சின்னு நானே என் கையால ரிப்போர்ட் எழுதினேன்.” ஒரு மூச்சு விட்டான். “கொடம் வீட்டுலயே இருந்துச்சு.”

குர்ஷித் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். ஐந்து மாதமாகக் கூடவே சுற்றுகிறான். இதை இப்போதுதான் கேட்கிறான்.

“கல்லறத் தோட்டத்துக்கு உள்ளதான வெச்சீங்க?” என்று கேட்டாள் சவுரியம்மாள்.

“உள்ளதான். வாசலுக்குச் சோத்தாங்கைப் பக்கம் மூணாவது.”

“தூக்கம் வருதாய்யா?”

“தூக்கம் வருது. வேற எதுவும் வரல.” அவன் உறையை அவள் பக்கம் நகர்த்தினான். “அவளுக்காகத்தான் எழுதினேன்னு நெனச்சிக்கினு இருக்கேன். அவ அதக் கேட்டாளான்னு எனக்குத் தெரியாது. உங்க துரை கேட்டாரான்னு உங்களுக்குத் தெரியுமா? மேல உங்க பேருதான் போட்டிருக்காரு.”

“யாரு பேரு?”

“சவுரியம்மாளுக்குன்னு எழுதியிருக்கு.”

அவள் கை உறையின் மேல் போயிற்று. எழுத்து ஒன்றுகூடத் தெரியாத விரல் அந்தக் கிறுக்கலைத் தடவியது. “எனக்கா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு முத்திரையைத் தானே உடைத்து, காகிதத்தை அவனிடம் நீட்டினாள்.

“படிங்க.”

தானியேல் படித்தான்.

‘சவுரிக்கு எழுதுவது. இதை நானே செய்துகொள்கிறேன். உன் மேல் யாரும் பழி சொல்லக் கூடாது. இந்தக் காகிதத்தை ஹென்றியிடம் காட்டு. வாலிபத்தில் கப்பல் கப்பலாகச் சீனாவில் அபின் இறக்கினேன். ஒரு ஊரில் ஒரு தகப்பன், செத்துப்போன மகள் பக்கத்திலேயே படுத்துப் புகைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பி வயிறு நிறையச் சாப்பிட்டேன். எனக்கும் உறைக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது தினமும் உறைக்கிறது. என்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க வேண்டாம். பாதிரியாரைத் தொந்தரவு செய்யாதே. எனக்கு அந்த இடம் பிடிக்காது. சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் புங்க மரத்தடி போதும். நீ பாத்திரம் தேய்க்கும் சத்தம் அங்கே கேட்கும்.’

சவுரியம்மாளின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. வார்டர் பதறி எழுந்தாள்.

“பாவி மனுசா!” என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள். “முப்பத்தோரு வருசம் கஞ்சி காய்ச்சி ஊத்தினேனே, ஒரு வார்த்த வாயால சொல்லக் கூடாதா? எழுதி வெச்சானாம், எழுதி! நான் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சேன்? உன்ன உள்ள படுக்க வெக்கிறதுக்கு நான் தூக்குல தொங்கப் பாத்தேனே! நீ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேக்கணுங்கிற!”

இரண்டு மாதமாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்: “படிங்கய்யா. கோர்ட்டுல ஜட்ஜி முன்னால நல்லா ஒரக்கப் படிக்கச் சொல்லுங்க. தோண்டுனா தோண்டிட்டுப் போறாங்க. நானே வந்து புங்க மரத்தடியில குழி வெட்றேன்.”

ஜெயில் வாசலில் வெயில் தணிந்திருந்தது. இருவரும் வக்கீல் வீட்டுக்கு நடந்தார்கள். கடுதாசியை சீனிவாசன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகு குர்ஷித் மெல்லக் கேட்டான்.

“அண்ணே, அண்ணி எதுனா எழுதி வெச்சாங்களா?”

தானியேல் பத்தடி நடந்தான்.

“வெச்சா. எம் பேரு போட்டு, ஒட்டி. அரிசிப் பானைக்குள்ள இருந்துச்சு.”

“இன்னா எழுதியிருந்தாங்க?”

“இன்னும் பிரிக்கல.”

குர்ஷித் நின்றுவிட்டான். ஐந்து மாதத்தில் முதல் தடவையாகத் தானியேலுக்குப் பயமாக இருந்தது.

“நானும் வர்றேண்ணே” என்றான் குர்ஷித். “உள்ள வரல. வாசல்லயே குந்திக்கினு இருக்கேன்.”

“வா” என்றான் தானியேல். இருவரும் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்கள்.